மறு: பயாலஜிக்ஸ் – 'உயிரியல் மருந்து' போதுமா?

> நாளிதழ்களில் 'உயிரியல் மருந்து' என்றே எழுதுகிறார்கள். அதை ஏன் மாற்ற வேண்டும்?

ஐயா, வணக்கம். 'பயாலஜிக்ஸ்' எனப்படும், உயிரணுக்களைக் கொண்டு செய்யும் மருந்துகளுக்கு எந்தத் தமிழ்ச்சொல் பொருந்தும் என்பதுதான் நம் பேச்சு. உயிரியல் என்பது பள்ளியில் படிக்கும் ஒரு பாடம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் மூலிகை, இயற்கை, பக்கவிளைவு இல்லாதது என்று எண்ணிக்கொள்வோர் உண்டு. இவை அப்படியல்ல. மரபணு மாற்றிய உயிரணுக்களை, பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சூலகத்திலிருந்து வந்தவற்றை, பெரிய கலன்களில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைப் பிரித்துத் தூய்மையாக்கி ஊசிமருந்தாகத் தருகிறார்கள். விழுங்கினால் செரித்துப்போகும் என்பதால்தான் ஊசி. எனவே என் பரிந்துரை 'உயிரணுவழி மருந்து'.

> ஸ்டெம்செல் சிகிச்சையோடு குழப்பிக்கொள்ள மாட்டார்களா?

அங்கே உயிரணுக்களையே உடலுக்குள் செலுத்துகிறார்கள். அது 'உயிரணுச் சிகிச்சை'. இங்கே உயிரணு செய்து தந்த புரதம் மட்டும். அந்த வேறுபாட்டை 'வழி' காட்டிவிடுகிறது. சற்று நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

பட்டியலில் அழகாக நிற்கும் சொல் கட்டுரையில் இடறும். அதனால் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையிலேயே ஓட்டிப் பார்த்தேன்:

"உடல் முழுதும் பரவும் சீழ்க்கொப்புளச் சொரியாசிஸ் அரிய தோல்நோய், காய்ச்சலோடு திடீரெனக் கிளம்பும், உயிருக்கும் ஆபத்தாகலாம். ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென நிறுத்துவது சிலருக்கு இதைத் தூண்டிவிடுகிறது. இன்டர்லியூக்கின்-36 என்னும் அழற்சிச் சமிக்ஞை கட்டுமீறுவது இதன் முக்கியக் காரணம். அந்தச் சமிக்ஞை வந்து ஒட்டும் ஏற்பியை அடைக்கும் உயிரணுவழி மருந்தான ஸ்பெசோலிமாப் 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 53 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரே முறை சிரைவழியாக 900 மில்லிகிராம் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கு ஒரு வாரத்தில் கண்ணுக்குத் தெரியும் கொப்புளம் இல்லை. ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத போலிமருந்து பெற்றவர்களில் அது 6 விழுக்காடு. தொடங்குமுன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்."

எனக்கு இடறவில்லை. இன்ஃபிளிக்சிமாப், செகுகினுமாப் போன்ற மருந்துப் பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே விட்டுவிடுவோம். 'மாப்' என்ற முடிவைப் பார்த்தே அது ஒருவகைப் பிறபொருளெதிரி (ஆன்டிபாடி) என்று தெரிந்துவிடும். மொழிபெயர்த்தால் மருந்துச்சீட்டோடு ஒத்துவராது.

> 'சீழ்' என்றால் கிருமி என்றுதானே நினைப்பார்கள்?

இதுதான் என்னையும் உறுத்துகிறது. இந்தக் கொப்புளங்களில் கிருமி கிடையாது. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் தோலில் வந்து குவிவதால்தான் வெண்மஞ்சளாகத் தெரிகின்றன. தொட்டால் தொற்றாது. ஆனால் வீட்டிலுள்ளவர்கள் 'சீழ்' என்று படித்தால் தனித்தட்டு, தனித்துண்டு என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆன்டிபயாடிக் வாங்கவும் ஓடுவார்கள். இருந்தாலும் சீழ் என்பதே வெள்ளையணுக் குவியல்தானே, சொல் தவறில்லை. முதல்முறை வரும் இடத்தில் 'கிருமியற்ற சீழ்க்கொப்புளம்' என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். 'காளாஞ்சகப்படை' சொரியாசிஸுக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர். பொதுவாசகர் சொரியாசிஸைத்தான் அறிவார். அந்தப் பெயரை மாற்ற வேண்டாம்.

மிச்சமிருப்பது, நோய் அடங்கியிருந்து திடீரெனக் கிளம்புவதற்கான பெயர். 'மறுதாக்கம்' கிருமி மீண்டும் தாக்கியதுபோல் ஒலிக்கிறது. 'நோய்ச்சீற்றம்' எனக்குப் பிடித்திருக்கிறது. மருத்துவர்கள் யாராவது நோயாளியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்களேன்.