76 வயது அம்மா, ஊரில் தனி வீடு: சீனியர் லிவிங்கா, வீட்டிலேயே ஆள் வைப்பதா?

காவிரிக்கரை எழுதியது:

அம்மாவுக்கு 76 வயது. மாயவரம் பக்கம் ஊர். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது, நான் சென்னையில், தங்கை பெங்களூரில். சுகர், பிரஷர் மாத்திரை தவிர பெரிதாக ஒன்றும் இல்லாமல் தனியாகவே சமாளித்துக்கொண்டிருந்தார். போன மாதம் ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியாமல் விடியற்காலை பால்காரர் வந்து குரல் கொடுக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். போன் கூடத்தில் சார்ஜரில் இருந்திருக்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

சென்னைக்கு அழைத்து வந்தேன். நான்காவது மாடி, நாங்கள் இருவரும் வேலைக்குப் போனால் இரவு ஏழு வரை அம்மா தனி. ஊரிலாவது திண்ணையில் உட்கார்ந்தால் நாலு பேர் பேசிவிட்டுப் போவார்கள். இருபதே நாளில் "என்னை ஊர்ல விட்டுடுப்பா" என்று ஆரம்பித்துவிட்டார். ஊர் வீட்டை விற்றுக் கோயம்புத்தூரில் சீனியர் லிவிங் வீடு, அதாவது முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு வாங்கலாம் என்கிறாள் தங்கை. "பெத்தவளை இல்லத்துல விடப் போறியா" என்று பெரியப்பா கோபப்படுகிறார். ஆள் வைத்தால் நம்பலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி மருமகள் எழுதியது:

என் மாமியார் ஐந்து வருடமாகக் கோவையில் இப்படி ஒரு இடத்தில்தான் இருக்கிறார். வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கம் நிறைய இருக்கின்றன. முதல் மூன்று வருடம் நிஜமாகவே நன்றாக இருந்தார். சமையல் கவலை இல்லை, சாயங்காலம் பஜனை, கூட நடக்க நாலு தோழிகள். அப்புறம் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த நிர்வாகம் தானாக நடமாடுகிறவர்களுக்கு மட்டும்தான் பொறுப்பு. குளிப்பாட்ட, ஊட்ட ஆள் வேண்டுமென்றால் நாமே தேடிச் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் அது எழுதியிருந்தது, நாங்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம்.

அதனால் போனதும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: படுத்த படுக்கையானால், ஞாபகம் தப்பினால், இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, அதற்கு மாதம் எவ்வளவு? ராத்திரி நர்ஸ் உள்ளேயே இருக்கிறாரா, போன் பண்ணினால் வருவாரா? வீட்டைத் திரும்ப விற்கும்போது எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள்? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். உடனே வாங்கவே வாங்காதீர்கள், வாடகைக்குக் கிடைத்தால் இரண்டு மாதம் அம்மா இருந்து பார்க்கட்டும். விருந்தினர் வரும் நாளில் போகாமல் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போய் அங்கேயே சாப்பிடுங்கள். ரசம் ஆறிப்போய் வருகிறதா, மேசையில் யாராவது பேசிக்கொள்கிறார்களா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வீட்டு நர்ஸ் 11 வருடம் எழுதியது:

ஆள் வைப்பது பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். அட்டெண்டர் வேறு, நர்ஸ் வேறு. குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது, நடக்கும்போது கை பிடிப்பது அட்டெண்டர் வேலை. கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் படித்த நர்ஸ்தான் செய்ய வேண்டும். ஏஜென்சி இரண்டையும் "ஹோம் நர்ஸ்" என்றே சொல்லும், விவரமாகக் கேளுங்கள். 24 மணி நேர ஆள் என்றால் அவர் படுக்க இடம், சாப்பாடு, தூங்க நேரம் எல்லாம் வேண்டும், அவர் ஊருக்குப் போகும் நாளில் மாற்று ஆள் யார் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பாதி வீடுகளில் சண்டை வருவது அந்த நாலு நாளில்தான்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒன்று. அம்மா ஏன் விழுந்தார் என்று யாராவது பார்த்தார்களா? பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், டாக்டர் மாத்திரை அளவை மாற்றக்கூடும். கண்ணில் புரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பாத்ரூமில் கைப்பிடி, வழுக்காத தரை, ஆள் நடந்தால் எரியும் சின்ன விளக்கு, கட்டில் பக்கத்தில் கமோடு நாற்காலி, கழுத்தில் மாட்டிய போன். சென்னையில் இருக்கும்போதே கிண்டியில் 2024இல் திறந்த முதியோர் மருத்துவமனையில் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடலாம், அரசு மருத்துவமனைதான். ஊருக்குப் போனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

ஓய்வுபெற்றவன் 74 எழுதியது:

தம்பி, நீங்கள், தங்கை, பெரியப்பா என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னது ஒரே ஒரு வரிதான், ஊரில் விடு என்பது. அவரை உட்காரவைத்து முழுதாகக் கேளுங்கள். நானும் மனைவியும் இரண்டு வருடத்துக்கு முன் நாங்களாகவே ஒரு முதியோர் குடியிருப்புக்கு வந்தோம். நாங்களே தேடி வந்ததால்தான் எங்களுக்கு இது ஒட்டியது. எங்கள் பிளாக்கில் பிள்ளைகள் தீர்மானித்துக் கொண்டுவந்து விட்ட ஒரு அம்மா இருக்கிறார், இன்னும் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை.

வீட்டை இப்போது விற்காதீர்கள். யார் பெயருக்கும் செட்டில்மென்ட் (இப்போதே சொத்தை மாற்றிக் கொடுக்கும் பத்திரம்) எழுதவும் விடாதீர்கள், உங்கள் பெயருக்கும்தான். பதிவு செய்த பிறகு மனம் மாறினால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பார்த்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால் ரத்து செய்ய வழி இருக்கிறது, ஆனால் வயதானவர் ஆர்டிஓ (வருவாய் கோட்டாட்சியர்) அலுவலகம் ஏறி இறங்க வேண்டும். உயில் போதும், எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பெரியப்பாவிடம் சண்டை வேண்டாம், ஒரு ராத்திரி அம்மாவோடு ஊர் வீட்டில் துணைக்கு இருக்கச் சொல்லுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். அவர் பயப்படுவது பகலுக்கு இல்லை, ராத்திரிக்கு மட்டும்தான். "படுக்க ஒரு பொம்பளை ஆள் துணைக்கு வந்தா போதும், சமையலை நான் பார்த்துக்கறேன்" என்றார். இரண்டு தெரு தள்ளி இருக்கும், கணவரை இழந்த ஒரு அக்காவைக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இது எனக்குத் தோன்றவே இல்லை. நின்று பார்த்ததில் பிரஷர் நன்றாகவே இறங்குகிறது, டாக்டர் ராத்திரி மாத்திரையைக் குறைத்திருக்கிறார். சனிக்கிழமை ஊருக்குப் போய்க் கைப்பிடி மாட்டப் போகிறோம். கோவையில் வாடகைக்கு இருந்து பார்ப்பதைத் தை மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்று தங்கையும் ஒத்துக்கொண்டாள். துணைக்கு வருகிறவருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பது நியாயமாக இருக்கும்? அந்தப் பக்கத்துக்காரர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.