கிங்க்ஸ் பாடல்களை இன்னும் ஏன் கேட்கிறோம்? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நியூ மால்டன்வாசி:

அறுபதுகளின் இங்கிலாந்து ராக் இசை என்று பேச்செடுத்தால் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், அப்புறம் தி ஹூ என்று போய் அங்கேயே நின்றுவிடுகிறது. நான் கிங்க்ஸ் கட்சி. வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பக்கம் வளர்ந்த அண்ணன் தம்பி ரே டேவிஸ், டேவ் டேவிஸ். பேஸ் கிட்டாருக்கு பீட் குவைஃப், டிரம்ஸுக்கு மிக் ஏவரி. 1964-ல் பிடித்த ஓட்டம், குழு கலைந்த 1996 வரை நிற்கவில்லை. இவர்கள் பாட்டு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது, ஏன் இன்னும் விடமாட்டேன் என்கிறது? எழுதுங்கள்.

நானே தொடங்குகிறேன். நியூ மால்டனிலிருந்து வேலைக்கு வாட்டர்லூ வழியாகத்தான் போகவேண்டும். அந்த ஸ்டேஷனை யாரும் நேசிக்க முடியாது. மாலை ஐந்தரை மணிக்கு அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும் கூட்டத்தில் ஒருவராக நின்று பாருங்கள், தெரியும். ஆபீஸில் ஓய்வுபெறும் வயதில் ஒரு ஆங்கிலேயர் இருந்தார். "தினமும் அந்த வழியாகப் போகிறாய், இந்தப் பாட்டுத் தெரியாதா?" என்று 'வாட்டர்லூ சன்செட்'டை அனுப்பிவைத்தார்.

பாட்டில் ஒருவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றையும் ஜனக்கூட்டத்தையும் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை இரவு ஸ்டேஷனில் சந்தித்து ஆற்றைக் கடந்து போகும் ஒரு காதல் ஜோடியைப் பார்க்கிறான். அவனுக்குத் துணை யாரும் இல்லை, வெளியே போகவும் சோம்பல். ஆனால் புலம்பல் கிடையாது. அவர்கள் சந்தோஷமாக இருப்பதே அவனுக்குப் போதும். தனிமையைப் பாடியவர்கள் ஆயிரம் பேர். அடுத்தவர் மேல் பொறாமைப்படாத தனிமையை நான் இந்த ஒரு பாட்டில்தான் கேட்டேன். கிட்டார், பேஸ் எல்லாம் ஒன்றாகப் படியிறங்கி வரும் அந்தத் தொடக்கம் காதில் விழுந்தால் அன்றைக்கு ரயில் தாமதமானாலும் பரவாயில்லை என்று தோன்றும். (ரத்தானால் அது வேறு விஷயம்.)

1967 மே மாதம் வெளியாகி இங்கிலாந்துத் தரவரிசையில் இரண்டாம் இடம் வரை போனது. ரே முதலில் லிவர்பூல் அஸ்தமனத்தைத்தான் எழுத நினைத்தாராம். அதற்குள் பீட்டில்ஸின் 'பென்னி லேன்' வந்துவிட, லிவர்பூலை அந்த ஊர்க்காரர்களுக்கே விட்டுவிட்டுத் தன் ஊர் ஆற்றுக்குத் திரும்பினார். நல்லதாகப் போயிற்று. சின்ன வயதில் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் கிடந்தபோது இதே தேம்ஸைப் பார்த்தவர் அவர். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் கறுப்பு டாக்ஸியில் வந்திறங்கி இதைத்தான் பாடினார்.

ரிஃப் பைத்தியம்:

அண்ணே, நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பாருங்கள். எனக்கு கிங்க்ஸ் என்றால் 'யூ ரியலி காட் மீ'. விடுதியில் பக்கத்து அறைக்காரன் புண்ணியத்தில் வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழு 1978-ல் போட்ட வடிவம்தான் முதலில் காதில் விழுந்தது. மூலப்பாட்டு 1964-ல் வந்தது என்றான். சரி, அந்தக் காலத்துப் பாட்டு, சாதுவாக இருக்கும் என்று போட்டேன். சாதுவா! வான் ஹேலன் குழு வித்தை காட்டுகிறது. டேவ் டேவிஸ் சண்டைக்கு வருகிறார்.

அந்த உறுமல் எங்கிருந்து வந்தது தெரியுமா? எல்பிகோ என்று ஒரு மலிவான குட்டி ஆம்ப்ளிஃபயர். அதன் ஸ்பீக்கர் கூம்பைச் சவரப் பிளேடால் கீறிவிட்டார் டேவ். வயது பதினேழு. கிழிந்த காகிதம் அதிர்ந்து கரகரத்தது. அதை வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து வெளியே விட்டார்கள். இன்றைக்கு அந்தச் சத்தத்துக்கு எத்தனை கிட்டார் பெடல் விற்கிறார்கள்! பாட்டின் எலும்பும் அவ்வளவுதான்: இரண்டு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறி மாறி அடிக்கும் ஒரு சின்னத் துண்டு. அதே துண்டு ஒரு படி மேலே ஏறும், அப்புறம் இன்னும் உயரத்துக்குத் தாவும். பாடுகிறவனுக்குத் தூக்கம் போய்விட்டது என்பதை வார்த்தை தொடங்குவதற்கு முன்பே கிட்டார் சொல்லிவிடும்.

முதல் இரண்டு இசைத்தட்டும் போணியாகவில்லை. மூன்றாவதும் ஊற்றிக்கொண்டால் 'பை' (Pye) இசைத்தட்டு நிறுவனம் கைகழுவியிருக்கும். அந்த நிலைமையிலும், முதலில் பதிவு செய்தது மந்தமாக இருக்கிறது, மறுபடி பதியவேண்டும் என்று ரே பிடிவாதம் பிடித்தார். 1964 செப்டம்பரில் இங்கிலாந்தில் முதல் இடம். அப்புறம் ஒன்று: பாட்டின் நடுவே வரும் கிட்டார் சோலோவை வாசித்தது கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் என்று இன்னும் கதை விடுகிறார்கள். இல்லவே இல்லை. பேஜே மறுத்திருக்கிறார். பதினேழு வயதுப் பையனின் வாசிப்பைப் பிடுங்கிப் பிரபலமானவருக்குக் கொடுப்பதில் அப்படி என்ன சந்தோஷமோ.

வீணைக்காரி:

ரிஃப் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது, எனக்கு அந்தப் பாட்டு தலைவலி. ஆனால் மகன் காரில் போட்ட இன்னொரு பாட்டு, 'சீ மை ஃப்ரெண்ட்ஸ்', என்னைப் பேச்சை நிறுத்த வைத்தது. "யார் தம்புரா போடுவது?" என்று கேட்டேன். கிட்டார்தான் என்றான். நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து ஹெட்ஃபோனில் கேட்டேன். கிட்டார்தான்.

1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் பம்பாயில் தங்கியிருக்கிறார்கள். விடியற்காலையில் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போனது ரே காதில் விழுந்திருக்கிறது. அதன் விளைவு இந்தப் பாட்டு. அதே வருடம் ஜூலையில் வந்தது. பீட்டில்ஸ் தட்டில் சித்தார் கேட்டது டிசம்பரில். யார் முந்தி என்ற பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. எனக்குப் பிடித்தது வேறு. சித்தாரைக் கொண்டுவந்து பாட்டின் மேல் ஒட்டும் வேலையை இவர் செய்யவில்லை. சுருதி ஒன்று அடியில் நகராமல் நிற்கிறது, குரல் அதை விட்டு அதிகம் விலகாமல் மூக்கால் இழைந்து சுற்றிச் சுற்றி வருகிறது. ராகம் என்று பெயர் வைக்க எதுவும் கிடையாது. கேட்ட விதத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார், வாத்தியத்தை அல்ல. இந்தியாவுக்கு வந்துபோன மேற்கத்திய இசைக்காரர்களில் காதைத் திறந்து வைத்திருந்தவர் என்று இவருக்கு மதிப்பெண் போடுவேன். அதுவும் ஒரு விடியற்காலையில் காதில் விழுந்ததை வைத்தே!

நியூ மால்டன்வாசி:

அருமை அம்மா. இங்கே ஒன்று சொல்லவேண்டும். இவர்கள் சண்டைக்காரர்கள். 1965 மே மாதம் கார்டிஃப் மேடையில், ரசிகர்கள் முன்னாலேயே, டேவ் டிரம்ஸை உதைத்துத் தள்ள, மிக் ஏவரி சிம்பல் ஸ்டாண்டால் டேவ் தலையில் ஒரு போடு போட்டார். பதினாறு தையல். அதே கோடையில் அமெரிக்கா போனார்கள். அங்கேயும் போன இடமெல்லாம் தகராறு. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் அனுமதி தர மறுத்துவிட்டது. 1969 வரை அந்த நாட்டில் வாசிக்க முடியவில்லை. மற்ற குழுக்கள் அங்கே காசை அள்ளிய வருடங்கள் அவை.

என் கட்சி என்னவென்றால், நமக்கு இன்று பிடித்த கிங்க்ஸ் அந்தத் தடையால் உருவானது. உலகம் சுற்ற முடியாதவர் தன் தெருவைப் பார்த்தார். வரி கட்டி நொந்த பணக்காரன் வெயிலில் சோம்பிக் கிடப்பது, புறநகர் வீட்டின் தவணை, பழைய சினேகிதன், குடும்ப ஆல்பம், நீராவி ரயில் என்று எல்லாம் பாட்டாயிற்று. உலகமே புரட்சி, போதை என்று ஓடிய 1968-ல் ஒரு ராக் குழு கிராமத்துப் புல்வெளியைக் காப்பாற்ற ஒரு முழு ஆல்பம் போட்டதென்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 'வில்லேஜ் கிரீன் பிரசர்வேஷன் சொசைட்டி' நவம்பர் 22-ல் வந்தது. அதே நாளில் பீட்டில்ஸின் வெள்ளை ஆல்பமும் வந்தது. அப்புறம் என்ன, தரவரிசைப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து 2018-ல்தான் இங்கிலாந்தில் தங்கத்தட்டுச் சான்றிதழ் கிடைத்தது. ஒரே நாளில் விற்ற ஆல்பம் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சொல்லி விற்றது.

அடிலெய்ட் அக்கா:

நான் யாழ்ப்பாணத்துக்காரி. எனக்கு உந்தச் சத்தம் எல்லாம் ஒத்துவராது. ஆனாலும் எழுதத்தான் வேணும்.

இங்கே ஆஸ்திரேலியாவில், அடிலெய்டின் எலிசபெத் என்ற பகுதியில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தேன். அந்தப் பகுதி போருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய சனங்களால் நிறைந்த இடம். அந்தக் காலத்தில் பத்துப் பவுண்டு கட்டினால் கப்பலில் ஏற்றிக்கொண்டுவந்து விடுவார்களாம். அங்கே இருந்த ஒரு அம்மா ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவா. 'ரோஸி வோன்ட் யூ ப்ளீஸ் கம் ஹோம்', 1966. வீட்டை விட்டுப் போன பிள்ளையைத் திரும்பி வரச்சொல்லிக் கேட்கும் பாட்டு. அறை அப்படியே இருக்கிறது, வா என்கிற மாதிரி. பாட்டு எழுதினவரின் அக்கா ரோஸ் தன் கணவர் ஆர்தரோடு 1964-ல் இங்கே, அடிலெய்ட் பக்கம்தான் வந்து குடியேறினவர் என்று அந்த அம்மாதான் பெருமையாகச் சொன்னா. ஆறு அக்காமாருக்குப் பிறகு பிறந்த பெடியன் ரே. அக்கா ஒருத்தி வெளிக்கிட்டால் எப்படி இருந்திருக்கும்?

1969-ல் அந்த அத்தானின் பெயரிலேயே 'ஆர்தர்' என்று ஒரு முழு ஆல்பம் செய்திருக்கிறார்கள். தொலைக்காட்சி நாடகத்துக்காக எழுதினது; நாடகம் எடுக்கப்படாமலே போச்சுது, தட்டு மட்டும் வந்தது. அதிலே ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒரு பாட்டு, குடியேற்ற விளம்பரம் மாதிரிச் சிரித்துச் சிரித்துப் போகும். ஆள் பிடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் கதைப்பார்கள். எங்கள் சனங்களில் வெளிநாடு போன பிள்ளையை நினைத்துப் பாடாத தாய் இல்லை; போகச்சொன்னதும் அதே தாய்தான். அந்த இரண்டும் சேர்ந்த சங்கடம் உந்த வெள்ளைக்காரப் பெடியனுக்கும் விளங்கியிருக்கு.

ஸ்கார்பரோ 83:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். நாங்கள் கனடா வந்திறங்கிய வருடம் 1983. ஏன் அந்த வருடம் என்று இங்கே விளக்கத் தேவையில்லை. அப்போது வானொலியில் எப்போதும் 'கம் டான்சிங்' போகும். கிங்க்ஸ் பழைய ஆட்கள் என்று இங்கிலாந்தில் ஒதுக்கிய நேரத்தில் அமெரிக்காவில் ஆறாம் இடம் வரை போன பாட்டு. துள்ளலான மெட்டு. ஊரில் இருந்த நடன மண்டபத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள், அக்கா அங்கே ஆடப் போவாள் என்கிற கதை.

ரேக்கு ரீன் என்றொரு அக்கா. இதயம் பலவீனம், டாக்டர் ஆடக் கூடாது என்றிருந்தார். 1957 ஜூனில் தம்பியின் பதின்மூன்றாவது பிறந்தநாளுக்கு அவன் ஆசைப்பட்ட ஸ்பானிஷ் கிட்டாரை வாங்கிக் கொடுத்தாள். அன்றிரவு லைசியம் மண்டபத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனாள். இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாட்டைக் கேட்டால், அவர் அவளைச் சாகவிடவே இல்லை என்பது தெரிகிறது. பாட்டில் அக்கா வளர்ந்து, கல்யாணமாகி, பெண்பிள்ளைகளைப் பெற்று, அவர்கள் வெளியே போய்வருவதைக் கவனித்துக்கொண்டிருக்கிறாள்.

ஹைகேட் பக்தன்:

கனத்துப்போச்சு, கொஞ்சம் இலகுவாக ஒன்று. லண்டன்காரர்கள் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போவீர்கள்தானே? சாப்பாட்டு வரிசை முடிந்ததும் ஆர்ச்வே ரோட்டில் 43-ஆம் எண் பஸ் பிடித்தால் மஸ்வெல் ஹில். அங்கிருந்து ஃபோர்டிஸ் கிரீன் சாலையில் நடந்தால் டென்மார்க் டெரஸ். டேவிஸ் குடும்பம் வாழ்ந்த வீடு. பார்க்க ஒன்றுமில்லை, வரிசையில் இன்னொரு வீடு. அதுதான் எனக்குப் பிடித்தது. எதிரே கிளிசோல்ட் ஆர்ம்ஸ் பப். அண்ணனும் தம்பியும் முதன்முதலில் வாசித்தது அங்கே. திருநீறு பூசிய நெற்றியோடு வாசலில் படம் எடுத்துக்கொண்டேன். வீட்டில் கிடைத்த அர்ச்சனை தனி.

டெக்ஸஸ் தம்பி:

எனக்கு இவ்வளவு பெரிய கதை இல்லை. 2004-ல் ஹெச்.பி. நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று டிவியில் ஓடியது, பின்னணியில் 'பிக்சர் புக்'. புதுப் பாட்டு என்று நினைத்துத் தேடினால் 1968! அத்தோடு நின்றுவிட்டேன். இதையெல்லாம் படித்த பிறகு ஒழுங்காகக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. எங்கே தொடங்குவது?

நியூ மால்டன்வாசி:

'வில்லேஜ் கிரீன்' தான். பதினைந்து பாட்டு உள்ள வடிவம், முடிந்தால் மோனோ. அப்புறம் 1966-ன் 'ஃபேஸ் டு ஃபேஸ்', 1967-ன் 'சம்திங் எல்ஸ்', பிறகு 'ஆர்தர்'. எழுபதுகளின் நடுவில் ரே நாடகக் கம்பெனி நடத்துவது மாதிரி வரிசையாகப் போட்ட ஆல்பங்களைத் தாண்டிப் போய்விடலாம், நஷ்டமில்லை.

ரிஃப் பைத்தியம்:

அண்ணே, அது எப்படி 'லோலா'வை விட்டீர்கள்? 1970. பாட்டில் ஒரு குளிர்பான பிராண்ட் பெயர் வருகிறது, விளம்பரம் ஆகிவிடும் என்று பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அந்த இடத்தில் வேறு வார்த்தை பாடிப் பதிய, அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே ரே லண்டனுக்குப் பறந்து வந்தார். தம்பி, நீ முதலில் அதைக் கேள். கிராமம், புல்வெளியெல்லாம் முப்பது வயதுக்கு மேல் கேட்டுக்கொள்ளலாம்.