யாழ் பிராந்திய வானொலியைக் கொழும்பில் கேட்க வழியுண்டா?

அனைவருக்கும் வணக்கம். பருத்தித்துறையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்களுடன் தங்கியிருக்கும் அம்மாவுக்காக இதனை எழுதுகிறேன். பற்றரி மூடி கழன்று விழாதிருக்க இறப்பர் வளையம் போட்ட தன் சிறிய வானொலிப் பெட்டியை அவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார். விடிந்ததும் யன்னலோரம் அமர்ந்து, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் யாழ் பிராந்திய சேவையைத் தேடி முள்ளைத் திருப்புகிறார்; இரைச்சல்தான் வருகிறது. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், வீதிவழியே சுமார் 400 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள ஒலிபரப்பு இங்கே எட்டாது என்று விளக்கினேன். அவரோ, போரில் அழிந்து 2011இல் 174 மீற்றர் உயரத்துக்கு மீண்டும் எழுந்த, வடக்கிலுள்ள கொக்காவில் ஒலிபரப்புக் கோபுரத்தைச் சுட்டி, "அவ்வளவு உயரமாகக் கட்டியும் ஏன் வராது?" என்கிறார். (நியாயமான கேள்விதான்.)

தமிழ்த் தேசிய சேவை இங்கே தெளிவாகக் கேட்கிறது, தொலைக்காட்சியில் தமிழ் அலைவரிசையான நேத்ராவும் உண்டு. ஆயினும் அவருக்கு வேண்டியது ஊர்ச் செய்தியும் கோயில் திருவிழா விபரமும் மரண அறிவித்தலும். விசாரிக்கத் தொலைபேசி எடுத்த இடத்தில் மூன்று பேரிடம் மாற்றிவிட்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

யாழ் பிராந்திய சேவையை இணையவழி நேரலையாகக் கேட்பவர்கள் இருந்தால், எந்தச் செயலியில் தடங்கலின்றிக் கிடைக்கிறது என்பதையும், காலை நிகழ்ச்சிகளின் நேரங்களையும் அறியத்தருமாறு வேண்டுகிறேன். நேத்ராவில் வடக்கைப் பற்றிய நிகழ்ச்சிகள் எந்நாட்களில் வருகின்றன என்று தெரிந்தவர்களும் சொல்லலாம். அம்மாவுக்குத் திறன்பேசி பழக்கமில்லை. ஒரே பொத்தானில் இயங்கும் ஏற்பாடாயின் மிகவும் உதவியாக இருக்கும்.