ஃப்ரண்ட் லோடு மெஷினில் லிக்விட் போடாமலே நுரை வருகிறது, ஸ்பின் ஆவதில்லை. என்ன செய்யலாம்?

நிலாமுற்றம்:
எங்களுடையது 7 கிலோ ஃப்ரண்ட் லோடு. வாங்கியதிலிருந்து ஒரே லிக்விட், ஒரே மூடி அளவுதான், தொந்தரவே இருந்ததில்லை. இப்போது கொஞ்ச நாளாகக் கதவுக் கண்ணாடி முழுக்க நுரை ஏறி நிற்கிறது. கடைசியில் ஸ்பின் வரும்போது டிரம் சோம்பலாக நாலு சுற்று சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. இன்னும் 9 நிமிடம் என்று காட்டும். அரை மணி கழித்துப் போய்ப் பார்த்தாலும் அதே 9. துணி சொட்டச் சொட்ட வெளியே வருகிறது. நேற்று சோப்பு டிரே வழியாகவும் நுரை வழிந்து தரைக்கு வந்துவிட்டது. சரி, லிக்விடே போடாமல் ஓட்டிப் பார்ப்போம் என்று அதே துணியைத் திரும்ப ஓடவிட்டால் அப்போதும் நுரை! பம்ப் போய்விட்டதா?

கொடிக்கயிறு:
பம்ப்தான். எங்கள் வீட்டிலும் தண்ணீர் வெளியேறாமல் இப்படித்தான் நின்றது. மாற்றியதும் சரியாகிவிட்டது.

திருப்புளி:
அவசரப்பட்டுப் பம்பை மாற்றாதீர்கள். நான் இந்த மெஷின்களைப் பிரித்து மாட்டும் வேலையில் இருந்தவன். நீங்கள் சொல்வதைக் கேட்டால் பம்ப் நன்றாகத்தான் இருக்கும்போலத் தெரிகிறது.

நுரை என்பது பெரும்பாலும் காற்று. பம்பில் இருக்கும் சின்ன விசிறிக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றைத் தள்ளத் தெரியாது. நுரை வந்து அடைத்தால் அது வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். இன்னொன்று, டிரம்முக்கும் அதைச் சுற்றியுள்ள வெளித்தொட்டிக்கும் நடுவே இடைவெளி குறைவு. அதில் நுரை நிரம்பினால் பிரேக் பிடித்த மாதிரி டிரம்மை இழுத்துப் பிடிக்கும். மோட்டாருக்குச் சுமை ஏறுவது தெரிந்ததும் மெஷின் தானே வேகத்தைக் குறைத்து, நுரை அடங்கட்டும் என்று காத்திருக்கும். உங்கள் 9 நிமிடம் நகராமல் நிற்பது அதனால்தான். சில மாடல்களில் இதற்கென்றே தனியாக ஒரு எரர் எழுத்தும் வரும்.

பம்பைச் சோதிக்க ஒரு வழி: டிரம்மைக் காலி செய்துவிட்டு, எதுவும் போடாமல், பச்சைத் தண்ணீரில் ரின்ஸ், ஸ்பின் மட்டும் ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் உள்ளே தங்கிய நுரை வரும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். திரும்ப ஓடவிடுங்கள். நுரை இல்லாத தண்ணீர் சர்ரென்று வெளியேறி ஸ்பின்னும் முழு வேகத்தில் வந்தால் பம்ப் குற்றவாளி இல்லை.

டிரே வழியாக நுரை வழிந்தால், முதல் வேலையாகக் கை ஈரம் இல்லாமல் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அப்புறம் ஒரு கேள்வி. லிக்விடும் மாறவில்லை, அளவும் மாறவில்லை என்கிறீர்கள். தண்ணீர் மாறியதா?

நிலாமுற்றம்:
அட! மேல் தொட்டிக்கு வரும் குழாயில் போன மாதம் வாட்டர் சாஃப்ட்னர் மாட்டினோம். குழாயெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதே என்றுதான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா?

வெள்ளாவி:
இருக்கிறது, அதுதான் காரணமாகவும் இருக்கும். கடினநீரில் கால்சியமும் மக்னீசியமும் உண்டு. நீங்கள் ஊற்றும் லிக்விடில் ஒரு பங்கை அவையே பிடித்துக்கொள்ளும், மிச்சம்தான் துணிக்கு. சாஃப்ட்னர் அவற்றை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது. இப்போது ஊற்றுவது முழுக்க வேலைக்கு வருகிறது, தின்பதற்கு ஆள் இல்லை. அதே ஒரு மூடி இப்போது அதிகம். ஃப்ரண்ட் லோடு எடுக்கும் தண்ணீரோ குறைவு, அலசலில் முழுதும் போகாது. ஒவ்வொரு துவைப்பிலும் கொஞ்சம் துணியிலேயே, முக்கியமாகத் துண்டு, போர்வையில், தங்கிவிடும். லிக்விட் போடாமல் வந்த நுரை மெஷினிலிருந்து மட்டும் வரவில்லை, உங்கள் துண்டிலிருந்தும் வருகிறது.

பாதி மூடியில் தொடங்குங்கள். அதிலும் நுரை நின்றால் இன்னும் குறையுங்கள். பாக்கெட்டின் பின்னால் தண்ணீரின் கடினத்தன்மைக்கு ஏற்ற அளவு போட்டிருந்தால் மென்னீருக்கான வரியைப் பாருங்கள். அழுக்கு குறைந்த துணிக்கு அதைவிடவும் குறைவு போதும். எண்ணெய்ப் பிசுக்கு நுரையை அடக்கும், வெறும் வியர்வைத் துணியில் நுரை எகிறும். லிக்விட் ஃப்ரண்ட் லோடுக்கானதுதானே? அதில் நுரையை அடக்கும் பொருள் சேர்த்திருப்பார்கள். கையால் துவைக்கும் பவுடர் பக்கமே போக வேண்டாம்.

சாம்பல்பூனை:
வினிகர் ஊற்றினால் நுரை உடனே அடங்கும் என்று எல்லோரும் சொல்கிறார்களே? கல்லுப்பும் போடலாமாம்.

வெள்ளாவி:
வினிகர் பழைய பார் சோப்பு நுரையை உடைக்கும். இன்றைய டிடர்ஜென்ட்டில் அந்த அளவு வேலை செய்யாது. உப்பு நுரையைக் குறைக்கும், ஆனால் இரும்பு பாகங்களுக்கு நல்லதில்லை, நான் போட மாட்டேன். மிகவும் அவசரம் என்றால் ரின்ஸில் கொஞ்சம் ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றலாம். டிடர்ஜென்ட்டுக்கு எதிர் மின்னூட்டம் உள்ளது, நுரையைச் சட்டென்று அமுக்கும். அதைப் பழக்கமாக்கினால் துண்டு ஈரத்தை உறிஞ்சாது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: டிரம்மில் குளோரின் பிளீச் ஊற்றியிருந்தால் வினிகரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

திருப்புளி:
இன்னும் ரெண்டு. வெந்நீரில் அலச வேண்டாம், நுரை கூடும். மெஷினை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் போல விட்டால் நுரை தானாகவே தண்ணீராகிக் கீழே இறங்கும், பிறகு டிரெய்ன் செய்தால் பம்ப் இழுத்துவிடும். பொறுமைதான் இல்லை யாருக்கும்.

கீழே சின்னக் கதவுக்குள் இருக்கும் ஃபில்டரையும் பாருங்கள். பக்கத்தில் மெல்லிய குழாய் இருந்தால் முதலில் அதன் வழியாகத் தண்ணீரை வடியவிட்டு, அப்புறம் மூடியைத் திருகுங்கள். தண்ணீர் சூடாக இருந்தால் ஆறட்டும். கதவு ரப்பர் வளையத்தின் மடிப்பிலும் சோப்புப் பசை சேர்ந்திருக்கும், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

நிலாமுற்றம்:
சொன்னபடி துணி இல்லாமல் ஓடவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் ஸ்பின் முழு வேகத்தில் வந்தது, பம்ப் தப்பித்தது. ஃபில்டரில் ஒரு ஹேர்பின்னும் நூல் கட்டியும் இருந்தன. கால் மூடியில் சட்டைகள் நன்றாகவே வெளுத்தன, நுரை கண்ணாடியில் பாதிகூட ஏறவில்லை. துண்டுகள்தான் இன்னும் லிக்விட் இல்லாமலே நுரைக்கின்றன.

வெள்ளாவி:
துண்டுகளைத் தனியாகப் போடுங்கள், அரை டிரம்முக்கு மேல் வேண்டாம், லிக்விடும் வேண்டாம். எக்ஸ்ட்ரா ரின்ஸ் வைத்து, கண்ணாடியில் தெரியும் தண்ணீர் தெளியும் வரை ஓட்டுங்கள்.

சாம்பல்பூனை:
எங்களுடையது டாப் லோடு, அதுவும் நுரைக்கிறது. இதே கதைதானா?

திருப்புளி:
அளவு விஷயத்தில் இதேதான். டாப் லோடு அதிகத் தண்ணீர் எடுப்பதால் கொஞ்சம் தாங்கும். நிறுத்தி, மூடியைத் திறந்து, மேலே நிற்கும் நுரையை மக்கில் அள்ளி வெளியே ஊற்றிவிடலாம், அந்த வசதி ஃப்ரண்ட் லோடுக்காரர்களுக்கு இல்லை.