புதுப்பிப்பு: 1841இல் 40 வயது, 1851இல் 53 வயது

என் கணவர் வழி முன்னோர் ஒருவர் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் பண்ணைக்கூலி. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருக்கு 40 வயது, 1851இல் 53. இரண்டும் ஒரே ஆள்தானா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

ஒரே ஆள்தான். 1841இல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள்; 43 என்றால் 40. உறவுமுறையும் அதில் கிடையாது. 1851 பதிவில் உறவுமுறை, பிறந்த ஊர் எல்லாம் உண்டு. மனைவி, பிள்ளைகள் பெயரும் பொருந்துகின்றன.

ஒன்பது வயதுப் பையனுக்கும் தொழில் பண்ணைக்கூலி! மனைவிக்கு நேரே வெற்றிடம். களையெடுத்து, கதிர் பொறுக்கிய பெண்களின் உழைப்பு பல ஏடுகளில் பதிவாகவே இல்லை. எனக்கு எரிச்சல் அதில்தான்.

மூத்த மகன் 1851இல் வீட்டில் இல்லை. பக்கத்துப் பண்ணைகளில் தங்கி வேலை செய்தவர்களிடையே இனித் தேட வேண்டும்.