ஏஸ் தரவில் நிறமாலைச் சரிவு கணக்கோடு பொருந்தவில்லை

கேள்வி: சூரியக் காற்றில் வந்த ஓர் அதிர்ச்சி அலையை, அந்தக் காற்றை அளக்கும் ஏஸ் (ACE) விண்கலத் தரவில் பார்க்கிறேன். கன சென்டிமீட்டருக்கு அலைக்கு முன் 5 புரோட்டான், பின் 16. அமுக்க விகிதம் (பின் அடர்த்தி ÷ முன் அடர்த்தி, r) 3.2. அப்படியென்றால் அலை முடுக்கிய துகள்களின் பரவல், 3r/(r−1) சூத்திரப்படி, உந்தத்தின் −4.36 அடுக்கு, ஆற்றலில் −2.18. ஆனால் ஏஸில் உள்ள ஈபாம் (EPAM) துகள் கருவியின் எல்இஎம்எஸ்120 (LEMS120) என்ற அயனி உணரியின் பாய்வில், அலைக்குப் பின்னால், முதல் 4 சேனல்களில் (ஆற்றல் பட்டைகளில்; 47–321 கேஇவி, அதாவது கிலோ எலக்ட்ரான்வோல்ட்) −1.04தான் வருகிறது. விகிதம் தப்பா?

பதில் 1: விகிதத்தில் தப்பில்லை, இரண்டு வேறு அளவுகளை ஒப்பிடுகிறீர்கள். −2.18 என்பது கட்டவெளி அடர்த்தியின் (இடம், உந்தம் இரண்டையும் சேர்த்த வெளியில் துகள்களின் அடர்த்தி) சரிவு. ஈபாம் தருவது எண்ணிக்கைப் பாய்வு. அது அடர்த்தியை உந்தத்தின் வர்க்கத்தால் பெருக்கியது. இந்த வேகங்களில் உந்தத்தின் வர்க்கம் ஆற்றலுக்கு நேர்விகிதம் என்பதால் ஓர் அடுக்கு குறைந்து −1.18 ஆகும். ஆற்றல் பாய்வாக வரைந்தால் −0.18. முதலில் அச்சின் அலகைப் பாருங்கள்.

கேட்டவர்: புரிந்தது, நன்றி. மீதி 0.14 ஏன்? 1 எம்இவிக்கு (1000 கேஇவி) மேல் கோடு செங்குத்தாக விழுகிறதே, அதையும் சேர்த்துப் பொருத்தலாமா? காற்றின் வேகம் நொடிக்கு 560 கி.மீ.

பதில் 2: எல்இஎம்எஸ்120 சூரியனுக்கு 120 பாகையில் பார்க்கிறது. அதற்குள் நுழையும் அயனிகள் காற்றை எதிர்த்து வருபவை. முதல் சேனலின் பெருக்கல் சராசரி 56.5 கேஇவி, அந்த ஆற்றலில் புரோட்டான் வேகம் நொடிக்கு 3290 கி.மீ. காற்றோடு நகரும் சட்டகத்தில் அதே அயனியின் ஆற்றல் 20 சதவீதம் கூடுதல், பாய்வையும் அதே 1.2ஆல் பெருக்க வேண்டும். நான்காவது சேனலில் (250 கேஇவி) இது 9 சதவீதம்தான். கீழ்முனை அதிகம் உயர்வதால் சரிவு கூடும். இரு முனைகளை மட்டும் வைத்துப் போட்டாலே −1.18 வருகிறது. அலைக்குப் பின்னால் அயனிகள் காற்றின் சட்டகத்தில் எல்லாத் திசையிலும் சமம் என்ற அனுமானத்தில்தான் இது செல்லும்.

மேல்முனையை ஒரே அடுக்கு விதிக்குள் (ஆற்றலின் ஒரே அடுக்காக விழும் கோட்டுக்குள்) திணிக்காதீர்கள். அலைக்குக் கிடைத்த நேரமும் அகலமும் அளவானவை. அதிக ஆற்றல் துகள்கள் திரும்பி வராமல் தப்பிவிடும். அடுக்கு விதியோடு அடுக்குக்குறிச் சிதைவைப் பெருக்கி, வெட்டு ஆற்றலையும் (அந்தச் சிதைவு தொடங்கும் ஆற்றல்) சேர்த்துப் பொருத்துங்கள். கடைசிச் சேனலின் (1.9–4.8 எம்இவி) புள்ளி பெருக்கல் சராசரி 3.02இல் நிற்கட்டும், கூட்டல் சராசரி 3.35இல் அல்ல. சூரிய வெடிப்பிலிருந்து முன்பே வந்துகொண்டிருந்த பின்னணியைக் கழித்துவிட்டுத்தான் இதெல்லாம்.