புதுப்பிப்பு: ஓதச் சுவரில் கில்ரே கேலிப்படம்

கும்பகோணத்துப் பழைய வீட்டின் ஓதம் ஏறும் சுவரில், ஆங்கிலேய கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரேயின் 1792 கேலிப்பட அச்சு கண்ணாடியோடு ஒட்டிப் பூஞ்சை பிடிக்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, படச்சட்டத்தின் பின்பக்க மூலைகளில் கார்க் துண்டு ஒட்டச் சொன்னவரின் யோசனை. பின்னால் காற்று போகிறது. பழையதுக்குப் பதிலாக மாட்டிய பெரிய புது அச்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இரண்டும் ஒட்டாமல் இடைவெளி விடும் மவுண்ட் அட்டையும் வைத்தேன். ஐப்பசி அடைமழை தாண்டியும் காகிதம் நெளியவில்லை. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வீண். டெல்டா ஈரத்துக்கு அது எம்மாத்திரம்!

எதிர்பாராதது வேறு. படத்தில் வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளைய நான்காம் ஜார்ஜ், முள்கரண்டியால் பல் குத்துகிறார். பின்னால் கட்டாத பில்களின் மேல் நிரம்பி வழியும் மூத்திரச் சட்டி. பெரிய அச்சில் அது பளிச்சென்று தெரிய, சாப்பிடும் கூடத்தில் வேண்டாம் என்றுவிட்டார் அத்தை. இப்போது ரேழியில் தொங்குகிறது. அதுவும் ஓதச் சுவர்தான், பூஞ்சை இல்லை.